43 புள்ளி, ஓர் ஆரஞ்சு ஜெர்சி: திருப்பூரில் தைத்து வாங்கினால் எப்படி வருகிறது?

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்து சீசனில் சென்னை சிட்டி அணியின் கடைசி ஆட்டம். மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. இங்கே டிரா ஆகி அங்கே அவர்கள் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். அங்கே அவர்கள் 2-1 என்று ஜெயிக்கவே செய்தார்கள். ஆனால் இங்கே இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மன்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார், அதில் இரண்டாவது கூடுதல் நிமிஷங்களில். 3-1. பட்டியலில் 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

சென்னை சிட்டியின் அந்த ஆரஞ்சு ஜெர்சி இன்று கடைகளில் புதிதாகக் கிடைப்பது அரிது. 2020-21 சீசனோடு ஐ-லீக்கில் அந்த அணியின் ஆட்டம் நின்றுபோனது. அதனால் அந்த வருஷத்தை மறக்க முடியாதவர்கள் தைத்துத்தான் வாங்க வேண்டும். நல்லவேளையாக, அணி கோப்பையைத் தூக்கிய ஸ்டேடியத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பூர் இருக்கிறது. சப்ளிமேஷன் பிரிண்டில் (பேப்பரில் அடித்த மையைச் சூட்டால் துணிக்குள் ஏற்றும் முறை) ஜெர்சி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள் அங்கேயும் கோவையிலும் ஏராளம். அந்தச் சேவையைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ. கடை பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. ஒரே மாதிரியான தவறுகள்தான் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. நீங்கள் ஆர்டரை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் எந்த வழியில் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர்கள் பொதுவாக மூன்று வழி சொல்வார்கள்.

ரெடிமேட் ஆரஞ்சு டி-ஷர்ட் ஒன்றை எடுத்து அதன்மேல் டிடிஎஃப் ஸ்டிக்கர், அதாவது ஃபிலிமில் அடித்துச் சூட்டில் ஒட்டும் பிரிண்ட், ஒட்டுவது முதல் வழி. அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள், விலையும் குறைவு. ஆனால் இதை வாங்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இதில்தான். பாலியெஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றுவது டிஸ்பர்ஸ் வகைச் சாயத்தால். அந்தச் சாயத்துக்குச் சூடு பட்டால் இடம் பெயரும் குணம் உண்டு. டிடிஎஃப் ஒட்ட 150 டிகிரி செல்சியஸ் அளவில் 10, 15 விநாடி அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் துணியில் இருக்கும் ஆரஞ்சு மெல்ல மேலேறி வெள்ளை எழுத்துக்குள் புகுந்துவிடும். கடையில் வாங்கும்போது எண் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து மடிப்பைப் பிரித்தால் அதே எண் பாலில் கேரட் சாறு கலந்தது போல மங்கிய பீச் நிறத்துக்கு வந்திருக்கும். திட்டுத் திட்டாகவும் இருக்கும். துவைத்தால் போகாது. கறையாக இருந்தால்தானே போவதற்கு? சாயமே உள்ளே குடியேறிவிட்டது. சாயத்தைத் தடுக்கும் அடுக்கு வைத்த ஃபிலிமும் குறைந்த சூட்டில் ஒட்டும் பவுடரும் இருக்கின்றன. ஆனால் ஒற்றைப் பீஸுக்காக அதையெல்லாம் எடுத்து வைக்கும் கடை அரிது. பருத்தி டி-ஷர்ட்டில் ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது ஜெர்சியாக இருக்காது, ஆரஞ்சு பனியனாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வழி, வெள்ளை பாலியெஸ்டர் துணியில் முன்பக்கம், பின்பக்கம், கைகள் என்று பேனல் பேனலாக முழு டிசைனையும் சப்ளிமேஷனில் ஏற்றி, அதன் பிறகு தைப்பது. நினைவுக்காக வாங்குபவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். இதில் வெள்ளை எழுத்து என்பது மை படாத துணி. அடியில் சாயம் இல்லாததால் முதல் வழியைப் போல நிறம் மாறாது. எழுத்து உரியாது, வெடிக்காது, விரலால் தடவினால் தனியாகத் தெரியாது.

மூன்றாவது, ஆரஞ்சாகவே சாயம் போட்ட துணியை வெட்டித் தைத்து, சின்னத்தை எம்பிராய்டரி பேட்சாக வைப்பது. கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைக்க இது அழகு. போட்டுக்கொள்ள அவ்வளவு சுகமில்லை. 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) துணியில் நேரடியாக எம்பிராய்டரி ஓட்டினால் சுற்றிலும் துணி சுருங்கிக் குவியும், உள்ளே நூல் முடிச்சு நெஞ்சில் குத்தும். பேட்சைத் தனியாகச் செய்து ஓரத்தை மட்டும் தைத்துவிடச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது வழியில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும், எது எங்கே கெட்டுப்போகிறது என்று பார்க்கலாம்.

துணியிலிருந்து தொடங்குவோம். டாட் நிட், இன்டர்லாக், மெஷ் என்று பெயர் சொல்லிக் காட்டுவார்கள். பெயர் எதுவானாலும் 100 சதவீதம் பாலியெஸ்டரா என்று கேளுங்கள். சப்ளிமேஷன் மை பாலியெஸ்டரில் மட்டுமே நிற்கும். பருத்தி கலந்த துணியில் கலந்த அளவுக்கு நிறம் வெளுத்துத் தெரியும், துவைக்கத் துவைக்க இன்னும் இறங்கும். எடை 150 முதல் 170 ஜிஎஸ்எம் இருக்கட்டும். 120, 130-க்குப் போனால் உள்ளே போட்ட பனியன் கோடு வெளியே தெரியும். 200 தாண்டினால் கோவைக் குளிருக்குக்கூடக் கனம், சென்னை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். பெரிய துளை மெஷ் துணியை முன்பக்கத்துக்கு எடுக்காதீர்கள். துளை விழும் இடத்தில் மை ஏற இடமில்லாததால் சின்னத்தில் உள்ள சிறிய எழுத்துகள் பிய்ந்து தெரியும். முதுகுக்கும் கைக்கும் மெஷ் பரவாயில்லை.

துணியை இரண்டு கையாலும் பிடித்து அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். பிரிண்ட் மேற்பரப்பில்தான் இருக்கிறது, இழையின் உள்பக்கம் வெள்ளை. இழுக்கும்போது அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். கொஞ்சம் தெரிவது இயல்பு. கை லேசாக இழுத்ததுமே வெளிறிப் போனால் பின்னல் தளர்வான துணி. தொப்பை உள்ளவர்களுக்கு அது வயிற்றுப் பக்கம் வெளிறியே நிற்கும், அவர்கள் நெருக்கமான இன்டர்லாக் கேட்பது நல்லது.

ஆரஞ்சு நிறம்தான் இந்த ஜெர்சியின் உயிர். பட்டறைகள் அதிகம் தடுமாறுவதும் அதில்தான். பலரும் போனில் பழைய மேட்ச் படம் ஒன்றை அனுப்பி, இதே கலர் வேண்டும் என்கிறார்கள். ஸ்டேடியம் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஆரஞ்சு ஒரு மாதிரி, டிவி படத்தில் வேறு மாதிரி, மாலை வெயிலில் இன்னொரு மாதிரி. போதாக்குறைக்கு, போன் திரை காட்டும் பளீர் ஆரஞ்சை நான்கு வண்ண மையால் அப்படியே கொண்டுவர முடியாது. அதற்கு ஃப்ளோரசன்ட் மை தனியாக வேண்டும், அது எல்லாப் பட்டறையிலும் ஏற்றி வைத்திருக்க மாட்டார்கள். அதனால் படத்தை நம்பாமல் எண்ணில் பேசுங்கள். மஞ்சள் மையை 100 சதவீதம் வைத்து, மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையை 50, 58, 66 சதவீதம் என்று மூன்று சதுரங்களாக, ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் அளவில், நீங்கள் தேர்ந்தெடுத்த அதே துணியில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். 50 மஞ்சள் பக்கம் சாயும், 66 சிவப்பை நெருங்கும். பெரும்பாலானவர்கள் நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். சாம்பிளை டியூப் லைட்டில் ஒருமுறை, வாசலுக்கு வந்து வெயிலில் ஒருமுறை பாருங்கள். பேப்பரில் இருக்கும் பிரிண்டைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பேப்பரில் அது செங்கல் பொடி மாதிரி மங்கலாகத்தான் இருக்கும், சூடு பட்ட பிறகுதான் நிறம் எழும்.

அந்தச் சூட்டுக்கும் கணக்கு உண்டு. பிளாட் பிரஸ்ஸில் (தட்டையான சூடான தட்டால் அழுத்தும் மெஷின்) 200 டிகிரி செல்சியஸ் ஒட்டி, 40 முதல் 60 விநாடி. குறைந்தால் நிறம் முழுதாக ஏறாது, வெளுத்தாற்போல் இருக்கும். கூடினால் ஆரஞ்சு கருகிப் பழுப்பு தட்டும், வெள்ளைத் துணியும் மஞ்சளடிக்கும், துணியில் பிரஸ் தட்டின் ஓரம் பளபளவென்று கோடாக விழும். அழுத்தும்போது பேப்பர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து வரும். இதைப் பெயரின் ஓரத்தில் தேடுங்கள், அங்கேதான் முதலில் தெரியும். மழைக்காலத்தில் பேப்பரும் துணியும் ஈரம் குடித்திருக்கும். முதலில் சில விநாடி வெறும் துணியை அழுத்தி ஈரத்தை விரட்டாமல் நேராகப் பிரிண்டை வைத்தால் ஆவி கிளம்பி, ஒரே ஆரஞ்சுப் பரப்பில் மேகம் மாதிரி திட்டு விழும். கோடு, கட்டம் போட்ட டிசைனில் இது மறைந்துவிடும். வெறும் ஆரஞ்சில் ஒளிய இடமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் கொடுப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

சூட்டில் பாலியெஸ்டர் 1 முதல் 3 சதவீதம் சுருங்கும். 72 சென்டிமீட்டர் நீளத்தில் 3 சதவீதம் என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். அனுபவமுள்ள பட்டறை பேனலைச் சற்றுப் பெரிதாக அடித்து, பிரஸ் ஆன பிறகு பேட்டர்ன் வைத்து வெட்டும். முதலிலேயே அளவாக வெட்டிவிட்டு அழுத்தும் இடத்தில் எல் சொன்னவருக்கு எம்-க்கு அருகில் வந்து நிற்கும். "பிரிண்ட் முடிஞ்சுதானே வெட்டுவீங்க?" என்று நேராகக் கேளுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நாளில், ஒரே துணி ரோலில் அடிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேறு வேறு ரோல் என்றால் தோளில் இரண்டு ஆரஞ்சு சந்திக்கும்.

அளவுக்கு எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள் உச்சியிலிருந்து கீழ் மடிப்பு வரை டேப் வைத்து இரண்டு எண்ணையும் அனுப்புங்கள். பருத்தி டி-ஷர்ட்டை அளந்தால் மார்பில் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள், சப்ளிமேஷன் துணி அதே அளவுக்கு இளகிக் கொடுக்காது.

தையலில் பார்க்க வேண்டியது குறைவு, ஆனால் பட்டறைகள் சறுக்குவது அங்கேதான். பக்கவாட்டில் ஓவர்லாக், கை மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் பேட்லாக் (தட்டையாகப் படியும் ஃப்ளாட்லாக் தையல்). நூல் ஆரஞ்சாக இருக்க வேண்டும். முந்தைய ஆர்டருக்குப் போட்டிருந்த கறுப்பு நூலை மாற்றாமலே ஓட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அக்குள் சந்திப்பை விரித்துப் பாருங்கள். அங்கே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால், டிசைனைத் தையலுக்குள் ஒரு சென்டிமீட்டர் போகும்படி நீட்டி வைக்காமல் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தைத்து முடித்த வெள்ளை ஜெர்சியை அப்படியே பிரஸ்ஸில் வைத்து அடித்தாலும் இதே கோடு வரும், மடிப்புகளுக்குள் மை போகாது. அப்படி வந்த பீஸைத் திருப்பிக் கொடுங்கள், சரிசெய்ய வழியில்லை. கழுத்து ரிப் (இழுத்தால் நீளும் பின்னல் பட்டி) தனித் துணி என்பதால் அதன் ஆரஞ்சு உடம்பின் ஆரஞ்சோடு ஒத்துப்போவது கடினம். சரியாகச் சேரும் ரிப் இல்லையென்றால் அதே துணியில் பட்டி வைக்கச் சொல்வது மேல்.

பின்பக்க எண். சர்வதேசப் போட்டி விதிகளில் எண்ணின் உயரம் 25 முதல் 35 சென்டிமீட்டர், பெயரின் எழுத்து உயரம் 5 முதல் 7.5. பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் போதும், எக்ஸ்எல்-க்கு 28. குழந்தைகளுக்கு 18, 20-க்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பாதி நிக்கருக்குள் போய்விடும். எல்லாச் சைஸுக்கும் ஒரே ஃபைலை நீட்டி இழுக்கும் பழக்கம் உண்டு. பூஜ்யம் முட்டையாகவும் எட்டு குட்டையாகவும் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. தமிழில் பெயர் போடுபவர்கள் எழுத்தைக் கர்வாக (ஃபான்ட் தேவைப்படாத வரைபட வடிவமாக) மாற்றி அனுப்ப வேண்டும். அப்படியே டைப் செய்து அனுப்பினால் பட்டறையின் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாமல் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்துவிடும். கோவை என்பதைக் கூட இப்படிச் சிதைத்து, யாரும் பார்க்காமலே தைத்து அனுப்பிவிடுவார்கள்.

யார் பெயரைப் போடுவது? அந்த சீசனில் 21 கோல் அடித்து, சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு முதலிடத்தைப் பகிர்ந்த மன்சி பெயரைத்தான் அதிகம் பேர் கேட்பார்கள். 2018 அக்டோபர் 26, கோவையில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் போட்டவர் அவர். நியாயமான தேர்வுதான். ஆனால் நெஸ்டர் கோர்டிலோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ் இருவரும் நடுவில் பந்தை வைத்திருந்த விதத்தால்தான் மன்சிக்கு அத்தனை வாய்ப்பு வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அந்த அணியைத் தரையோடு பந்தைக் கடத்தி ஆட வைத்தார். முந்தைய சீசனில் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்த அணி அது. எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்களின் பெயரோடு ஒரு ஜெர்சி வந்தால் அது தனி அழகு. போடுவதற்கு முன், நீங்கள் கேட்கும் எண்ணை அந்த சீசனின் மேட்ச் படத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வேறு சீசன் படத்தை வைத்து எண் மாற்றிப் போட்ட ஜெர்சிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அணியின் சின்னம், ஸ்பான்சர் பெயர் இரண்டும் உங்கள் சொத்தல்ல என்பதை மறக்க வேண்டாம். அனுமதிக் கடிதம் இல்லாமல் அடிக்க மாட்டோம் என்று சொல்லும் பட்டறை நேர்மையான பட்டறை. அவர்களோடு சண்டை போடாதீர்கள். சின்னம் இல்லாத நினைவு ஜெர்சியாகவே இதைச் செய்யலாம்: வெறும் ஆரஞ்சு, முதுகில் 43, கழுத்துப் பட்டிக்குள்ளே '09.03.2019, 3-1' என்று சிறிய எழுத்தில். எழுத்து 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பின்னலில் கரைந்துவிடும், 8 வைத்தால் சுத்தமாக நிற்கும். நெஞ்சில் ஸ்பான்சர் இல்லாத இந்த வடிவம்தான் எங்களுக்கு அதிகம் பிடித்தது.

விலைக்கு வருவோம். பத்துப் பீஸ் ஒரே டிசைனில் எடுத்தால் ஒன்று 300 முதல் 450 ரூபாய்க்குள் பேசி முடிக்கலாம். ஒற்றைப் பீஸ் கேட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொல்வார்கள். அது ஏமாற்று இல்லை. டிசைன் வரைவதற்கும், மெஷினை ஓட்டுவதற்கும், நூல் மாற்றுவதற்கும் ஒன்றானாலும் பத்தானாலும் ஒரே நேரம்தான் பிடிக்கிறது. அந்த சீசனை நினைவில் வைத்திருக்கும் நான்கைந்து பேரைச் சேர்த்து ஆர்டர் கொடுப்பதே புத்திசாலித்தனம். பெயரும் எண்ணும் ஆளுக்கு ஆள் மாறினாலும் சப்ளிமேஷனில் கூடுதல் செலவு பெரிதாக இல்லை. பாதி முன்பணம் வழக்கம். சாம்பிள் துணியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். நான்கு நாள் முதல் ஒரு வாரம் ஆகும், தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் சிறிய ஆர்டரை யாரும் தொட மாட்டார்கள்.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால்: நிறம், சாம்பிள் பார்த்து வாங்கினால் நாலரை, பார்க்காமல் வாங்கினால் இரண்டு. துணி நாலு. எழுத்துத் தெளிவு நாலரை. தையல் மூன்று, அதுவும் நூலும் சந்திப்பும் சொல்லி வாங்கினால். சொன்ன தேதிக்குக் கொடுப்பது இரண்டரை.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, ஆரஞ்சு அடர்ந்த இடத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். லேசான சாயல் ஒட்டினால் முதல் இரண்டு சலவையில் சரியாகிவிடும். கைக்குட்டை நன்றாகவே ஆரஞ்சானால் மை சரியாக ஏறவில்லை, திரும்பப் பிரஸ்ஸில் வைக்கவும் முடியாது, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், தனியாக. ப்ளீச் கூடாது. துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது இழைகளை அடைத்து வியர்வை உலர விடாது. நிழலில் காய வையுங்கள். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி விரித்து. மடித்து வைக்கும்போது ஆரஞ்சுப் பக்கம் வெள்ளை எண்ணின் மேல் படாமல் நடுவில் ஒரு வெள்ளைக் காகிதம் வையுங்கள், வெயில் காலத்தில் பீரோவுக்குள்ளேயும் சூடு ஏறும்.